சாலையும் பஸ்ஸும் கணக்கில் வரட்டும்

(ஏழாயிரம்பண்ணையில் பஞ்சாயத்து அன்பர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கிராமங்களில் கணக்குக்கு உட்படாத பொருள் மிகச் சிலவே. பருத்தி எத்தனை குவிண்டால் கண்டது, கிணற்றில் நீர் எத்தனை அடி இறங்கிற்று, ஆட்டுக்கிடை போட்டதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்பனவற்றையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள். ஆனால் ஊருக்குள் வரும் சாலையைப் பற்றிக் கேட்டால் ‘சாலை மோசம்’ என்ற விடையும், பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் ‘ஒழுங்காக வருவதில்லை’ என்ற விடையுமே கிடைக்கின்றன. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எனினும் அவற்றை வைத்துக்கொண்டு எந்த அலுவலகமும் எந்த வேலையையும் தொடங்க இயலாது. ‘சாலையைச் செப்பனிட வேண்டும்’ என்று கிராம சபை தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால், அதைப் படிக்கும் பொறியாளரின் மேசையில் அதே வாசகத்தோடு வேறு பல ஊர்களின் தீர்மானங்களும் கிடக்கும். எந்தக் கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் நீளத்துக்கு, எந்த மாதத்திலிருந்து பழுது, அதனால் எந்தப் பஸ் நடை நின்றது என்று எழுதிய தீர்மானம் ஒன்று அவற்றிடையே இருக்குமானால், அதைத் தனியே எடுத்து வைக்காமல் இருக்க முடியாது. இன்று நாம் பேச வந்தது அப்படி எழுதுவது எவ்வாறு என்பதைப் பற்றியே.

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக்கு இக்கணக்கு மற்ற இடங்களைவிட அவசரமானது. இது கரிசல் பூமி. மானாவாரி வெள்ளாமையோடு தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. காலையில் ஆலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும், சாத்தூருக்கும் சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் படிக்கச் செல்லும் பிள்ளைகளும், மக்காச்சோள மூட்டை ஏற்றிய வண்டிகளும் அதே குறுகிய தார்ச் சாலையை நம்பியிருக்கின்றனர். ரயில் வசதி என்றால், 1876-ஆம் ஆண்டு சாத்தூர் வழியே தூத்துக்குடிக்குத் திறந்த பாதையும், 1927-இல் விருதுநகரிலிருந்து சிவகாசி வழியே தென்காசிக்குத் திறந்த பாதையும் உள்ளன. இரண்டையும் அடைவதற்கு முதலில் சாலையில் போயாக வேண்டும்.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சன்குளத்துப் பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்விபத்தின் காரணங்களை ஆராய்வது நம் பேச்சின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் தீக்காயம் பட்டவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் எந்தச் சாலையில் போகிறது என்பது அந்த எல்லைக்கு உட்பட்டதே. 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடிவருகிறது. பத்துக் கிலோமீட்டர் சாலையை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிஷம் ஆகும். சாலை பழுதாகி வேகம் 20-ஆகக் குறைந்தால் 30 நிமிஷம். வண்டி அதே வண்டி, ஓட்டுநர் அதே ஓட்டுநர். இடையில் போன 15 நிமிஷத்தைச் சாலை எடுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு குழியும் காயம் பட்டவரின் உடம்பைக் குலுக்குகிறது.

இந்த நிமிஷக் கணக்கே சாலையை அளக்கும் கோலும் ஆகும். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலைகளின் நிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு கார் சங்கடமின்றி எவ்வளவு வேகத்தில் செல்ல முடிகிறது என்பதே அதற்கு அடிப்படை. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடுமானால் 5 மதிப்பெண்; 30 முதல் 40 வரை என்றால் 4; 20 முதல் 30 வரை 3; 10 முதல் 20 வரை 2; பத்துக்கும் குறைந்தால் 1. இதைக் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்வது எளிது. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் செல்ல ஒன்றரை நிமிஷத்துக்குள் ஆனால் 5. இரண்டு நிமிஷத்துக்குள் ஆனால் 4. மூன்று நிமிஷம் வரை 3. ஆறு நிமிஷம் வரை 2. அதற்கும் மேலானால் 1. கைக்கடிகாரமும் கல்லும் இருந்தால் போதும்; கல் விழுந்துவிட்ட இடத்தில் வண்டியின் மீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் சில ஒழுங்குகள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே வகை வண்டியிலேயே போக வேண்டும். மோட்டார் சைக்கிளில் போனால் குழியை வளைத்துப் போய்விடலாம். ஆகவே காரோ, வேனோ, சரக்கு ஆட்டோவோ தேவை. வேகத்தடை உள்ள ஊர்த் தெருவையும் கடைவீதியையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓட்டுபவர் சாலையை வெல்ல வேண்டும் என்ற வீம்போடு ஓட்டக் கூடாது; பின்னால் வயதான தாயார் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு இரு முறை அளந்தால் போதுமானது: வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆவணியில் ஒரு முறை, மழை ஓய்ந்த பின் தையில் ஒரு முறை. இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள வேற்றுமையே சாலையின் உண்மையான ஆரோக்கியத்தைக் காட்டும். ஆவணியில் 4 பெற்ற கிலோமீட்டர் தையில் 2-க்கு இறங்கிவிட்டதானால், அங்கே தாரைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடுவதே முறை.

முறை எளிமையாக இருக்கிறது என்று இதை இளக்காரமாகக் கருத வேண்டாம். சாலை ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படும் பெரிய சோதனையொன்று அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாநிலத்து ஒட்டாவா நகருக்கருகில் 1958 முதல் 1960 வரை நடைபெற்றது. அதற்கென்றே சாலைகளைப் போட்டு, ராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு லாரிகளை இரவும் பகலும் ஓட்டி, 11 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுச் சுமைகளை அவற்றின்மேல் செலுத்தினார்கள். அத்தனை கருவிகள் இருந்தும், ஒரு சாலை நல்லதா கெட்டதா என்ற கேள்வி எழுந்தபோது என்ன செய்தார்கள்? பல தரத்து மனிதர்களை வண்டியில் ஏற்றிச் சாலையில் அழைத்துச் சென்று, 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். கருவிகளின் அளவை அந்த மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்த்தே பின்னர்ச் சூத்திரம் வகுத்தார்கள். பயணம் செய்பவனின் உடம்பே முதல் கருவி என்பதை விஞ்ஞானிகளும் ஒப்புக்கொண்டனர் எனலாம்.

அச்சோதனையில் கிடைத்த மற்றொரு முடிவும் நமக்கு வேண்டியது. அச்சின்மேல் உள்ள சுமை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதமும் இரு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்போம். அது ஏறக்குறைய நான்காம் மடக்கில் ஏறுகிறது. அதாவது பதினாறு மடங்கு. அச்சுக்கு 8 டன் கொண்ட லாரி பதினாறு முறை போவதும், 16 டன் கொண்ட லாரி ஒரே முறை போவதும் சாலைக்கு ஏறத்தாழ ஒன்றே. நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த சுமை 2018-ஆம் ஆண்டு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. ஒரு டன்னும் சொச்சமும்தான் கூடிற்று என்று தோன்றும். அதே விதிப்படி கணக்கிட்டால் ஒரு நடைக்கு ஏற்படும் சேதம் சுமார் 1.6 மடங்காகிறது. இது சட்டம் அனுமதித்த சுமை. குவாரியிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் அதற்குமேல் ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகளை நாம் அறிவோம். ஒன்றியச் சாலையின் வழியே இரவில் எத்தனை டிப்பர் லாரிகள் போகின்றன என்று மூன்று நாள் உட்கார்ந்து எண்ணி எழுதிய ஊர், அச்சாலைக்குக் கனமான அடித்தளம் கேட்கும் உரிமையைப் பெறுகிறது. எண்ணாத ஊருக்கு டிராக்டரும் மாட்டுவண்டியும் மட்டும் போகும் சாலைக்குரிய கனமே கிடைக்கும். இங்கே எண்ண வேண்டிய காலம் இரண்டு: அறுவடைக் காலம் ஒன்று, தீபாவளிக்கு முந்திய பட்டாசு அனுப்பும் காலம் மற்றொன்று.

இனி, தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் கரிசல் நாட்டில் சாலையைக் கொல்வது பெரும்பாலும் லாரியும் தண்ணீரும் சேர்ந்தே. கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியாததன்று. கோடையில் வெடித்து வாய் பிளக்கிறது. மழையில் நனைந்து வீங்கிக் குழைகிறது. இந்த வீக்கமும் சுருக்கமும் பருத்திக்கு நல்லவை, சாலைக்குப் பகை. ஆண்டுதோறும் மேலே எழும்பிக் கீழே இறங்கும் தரையின்மேல் ஒரு சாணுக்கும் குறைவான தாரும் கல்லும் எத்தனை நாள் உடையாமல் இருக்கும்? ஆகவேதான் இந்தியச் சாலைப் பேரவையின் வழிமுறைகள், கரிசலின் மேல் நேரே கல்லைக் கொட்டாமல், இடையே 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை வீங்காத மண்ணைப் பரப்பச் சொல்கின்றன. சுண்ணாம்பைக் கலந்து கரிசலின் வீக்கத்தைத் தணிப்பதும் உண்டு. புதிய சாலை போடும்போது, தாரின் பளபளப்பைப் பார்க்கக் கூடும் கூட்டம் மண் பரப்பும் நாளில் கூடுவதில்லை. கூட வேண்டிய நாள் அதுவே.

அடுத்தது சாலையின் சரிவு. தார்ச் சாலையின் நடு உயர்ந்தும் இரு ஓரங்கள் தாழ்ந்தும் இருக்க வேண்டும். கிராமச் சாலையின் தார்ப் பரப்பு வழக்கமாக 3.75 மீட்டர் அகலம். நூற்றுக்கு மூன்று வீதம் சரிவு என்றால், நடுவைவிட ஓரம் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர், அதாவது மூன்று விரற்கடை தாழ்ந்திருக்க வேண்டும். நீண்ட சட்டம் ஒன்றையும் கொத்தனாரின் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனால் எவரும் இதைப் பார்த்துவிடலாம். மட்டமாகவோ, நடுவில் குழிந்தோ இருந்தால் மழைநீர் அங்கே தங்கும். தாருக்கு அடியில் நீர் இறங்கியபின் லாரிச் சக்கரம் ஏறும்போது அந்நீர் அழுத்தப்பட்டுக் கற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. மறுநாள் சிறு குழி. பத்தாம் நாள் பெருங்குழி.

தார் ஓரத்திலிருந்து வழிந்த நீர் மண் ஓரத்தைத் தாண்டி வாய்க்காலுக்குப் போக வேண்டும். இங்கே நாம் சற்றுக் கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும். விவசாய அன்பர்கள் பொறுத்தருள்க. சாலையோர வாய்க்கால் இன்று எங்கே இருக்கிறது? பல இடங்களில் அது பக்கத்து நிலத்தின் கடைசிச் சாலாகி உழப்பட்டுவிட்டது. மீதி இடத்தைச் சீமைக்கருவேல் எடுத்துக்கொண்டது. அக்கரைக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோகத் தாரைக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறோம். அந்த வெட்டிலிருந்துதான் முதல் குழி பிறக்கிறது. கம்பும் மக்காச்சோளமும் காய்வது சாலையின்மேல்தான். அதற்குக் காவலாக வைக்கும் கல்லை எடுக்க மறந்துவிடுகிறோம், இரவில் வரும் சைக்கிள்காரன் அதைக் கண்டுபிடிக்கிறான். களம் இல்லாதவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. உலர்களம் வேண்டுமென்ற தீர்மானமும் சாலைத் தீர்மானத்தோடு ஒன்றாகவே போகட்டும்.

பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் ஊரில் நாம் கண்டதைச் சொல்கிறோம். ஊருக்கும் விலக்குக்கும் நடுவே ஒரு குழாய்ப் பாலம். அதன் வாய் ஆண்டுக்கணக்காக மண்ணும் முள்ளும் அடைத்துக் கிடந்தது. சாலை புதிதாகத் தார் போடப்பட்டது; பாலத்தின் வாயை எவரும் பார்க்கவில்லை. ஐப்பசியில் ஓர் இரவு பெய்த மழையில் நீர் பாலத்துக்குள் போக வழியின்றிச் சாலையின்மேல் ஏறி, மறுபக்கச் சரிவை அரித்து, பாதித் தாரைக் கொண்டுபோயிற்று. பஸ் விலக்கோடு திரும்பிவிட்டது. பிள்ளைகள் புத்தகப் பையோடு நடந்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை டிராக்டரில் விலக்குக்குக் கொண்டுவந்தார்கள். சீர்செய்ய மாதங்கள் ஆயின. அடைப்பை எடுக்க இரண்டு ஆள் மண்வெட்டியோடு அரைநாள் வேலை செய்திருந்தால் போதும். பஞ்சாயத்தில் கேட்டபோது, ‘பாலம் அடைத்திருக்கிறது என்று பலமுறை சொன்னோம்’ என்றார்கள். அலுவலகத்தில் கேட்டபோது, ‘எங்களுக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை’ என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே நாம் நம்புகிறோம்.

பராமரிப்பு என்னும் சொல்லுக்கு நம்மிடையே கவர்ச்சி இல்லை. புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு. வாய்க்கால் தூர் எடுத்ததற்கு யார் ரிப்பன் வெட்டுவார்? இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1994-ஆம் ஆண்டு உலக வங்கி வெளியிட்ட வளர்ச்சி அறிக்கையில் ஆப்பிரிக்கச் சாலைகளைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. அதற்கு முந்திய பத்தாண்டில் 1,200 கோடி டாலரைக் காலத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், பின்னர்ச் சாலைகளைத் திரும்பக் கட்ட நேர்ந்த 4,500 கோடி டாலர் மிஞ்சியிருக்கும் என்று அது கூறிற்று. நம் மாநிலத்தில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுகளில் 10,000 கிலோமீட்டர் சாலையை 4,000 கோடி ரூபாயில் மேம்படுத்துவதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. அத்தகைய தொகைக்குப் போட்ட சாலைகளின் ஆயுள், குழாய்ப் பாலத்தின் வாயிலும் ஓர வாய்க்காலிலும் இருக்கிறது.

பிரதம மந்திரி திட்டத்துச் சாலைகளுக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உள்ள விதி. சாலையின் தொடக்கத்தில் நிற்கும் பலகையில் முடித்த தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் ஆண்டில் விழுந்த குழியைப் பற்றி ஆறாம் ஆண்டில் எழுதினால் பயனில்லை. நெடுஞ்சாலைத் துறையிலும் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, கிருஷ்ணகிரி முதலிய கோட்டங்களில், செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் என்னும் முறை வந்தது. எத்தனை டன் தார் ஊற்றினார் என்று பார்த்துப் பணம் கொடுக்காமல், சாலை குழியின்றி இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுப்பது இதன் கருத்து. அர்ஜென்டினா நாட்டில் 1990-களில் இம்முறை பரவியபோது, அடைக்காத குழிக்கு நாள் கணக்கில் அபராதம் விதித்தார்கள். குழி எந்த நாளில் விழுந்தது என்று குறித்து வைப்பவர் இருந்தால்தான் நாள் கணக்கும் இருக்க முடியும்.

போட்ட சாலையைத் திரும்பிப் போய்ப் பார்ப்பது எத்தனை நன்மை தரும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே ஒன்று உள்ளது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், எறியப்பட்ட பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் உருக்கிப் படியவைத்துப் பின்னர்த் தார் கலக்கும் முறையைக் கண்டார். 2002-ஆம் ஆண்டு நம் அண்டை ஊரான கோவில்பட்டியில் சிறு துண்டுச் சாலையில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நமக்கு முக்கியமானது இடையில் நடந்த ஒரு காரியம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008-ஆம் ஆண்டளவில், சில ஆண்டுகள் ஓடித் தேய்ந்த இத்தகைய சாலைகளைத் தேர்ந்து, பக்கத்தில் தார் மட்டும் இட்ட சாலையையும் ஒப்புக்கு வைத்து, அளக்கச் செய்தது. சுமை ஏற்றிய லாரியை நிறுத்திச் சாலை எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று நீண்ட நெம்புகோல் போன்ற கருவியால் பார்த்தார்கள். மேடுபள்ளத்தைத் தள்ளுவண்டி போல் தள்ளிச் செல்லும் கருவியால் குறித்தார்கள். பிளாஸ்டிக் சாலைகள் குழியின்றித் தாங்கி நின்றதை அளவுகள் காட்டியபின்தான் அம்முறைக்கு மதிப்பு ஏற்பட்டது. கண்டுபிடித்தவர் சொல்லை மட்டும் நம்பி எவரும் விட்டுவிடவில்லை.

இனிப் பஸ். சாலை இருப்பதே அதில் ஏதாவது ஓடுவதற்காகத்தானே. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் 1972-இல் ஏற்படுவதற்கு முன், அச்சீமையில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடிய காலத்தில், பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது பழைய பேச்சு. பேச்சில் மிகை இருக்கலாம். ஆனால் ஒரு பஸ் சர்வீஸின் யோக்கியதையை ஜனங்கள் எதைக் கொண்டு அளந்தார்கள் என்பது அதில் விளங்குகிறது.

போக்குவரத்துக் கழகத்துக்கென்று அளவுகோல்கள் உள்ளன: லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை முறை வண்டி வழியில் நின்றது, கிலோமீட்டருக்கு என்ன வருவாய் என்பன போல. பணிமனையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இவை வேண்டியவையே. நிறுத்தத்தில் நின்று பார்ப்பவருக்கு வேறு கணக்கு இருக்கிறது. உதாரணமாக, ஓர் ஊருக்கு நாளுக்கு நான்கு நடை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 120 நடை. அதில் 108 வந்துவிட்டன. நூற்றுக்குத் தொண்ணூறு, பணிமனையில் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வராத பன்னிரண்டும் இரவுக் கடைசி நடையே என்றால் என்ன பொருள்? மாதத்தில் பன்னிரண்டு இரவு, ஆலை விட்டு வந்த பெண்கள் சாத்தூரில் நின்றுகொண்டிருந்தார்கள் என்று பொருள். அடுத்த மாதம் அவர்கள் கடைசி நடையை நம்பாமல் வேனுக்குப் பணம் கட்டுவார்கள். அதன் பிறகு ‘அந்த நடைக்கு ஆள் இல்லை’ என்ற காரணம் தானே ஏற்பட்டுவிடும். ஆகவே வராத நடையை எண்ணினால் மட்டும் போதாது. எந்த நடை வரவில்லை என்பதை எழுத வேண்டும். எத்தனை நிமிஷம் தாமதம், ஏற இடமின்றி நிறுத்தத்தில் நின்றுவிட்டவர் எத்தனை பேர் என்பவையும் உடன் வர வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துனர் ஒரு சீட்டுக் கொடுக்கிறார். ‘காசு இல்லாத சீட்டு எதற்கு’ என்று சிலர் அதை வாங்குவதில்லை. வாங்க வேண்டும். அரசாங்கம் கழகத்துக்கு ஈடு செய்வதும், அந்தத் தடத்தில் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கும் சீட்டு எண்ணிக்கையைப் பொறுத்தவை. நாற்பது பெண்கள் ஏறிய பஸ்ஸில் பத்துச் சீட்டுக் கிழிக்கப்பட்டால் ஏட்டில் அது காலி பஸ்ஸாகும். காலி பஸ்ஸைக் குறைப்பது எந்த அதிகாரிக்கும் எளிது.

பெரிய பஸ் நுழையாத ஊர்களுக்குச் சிற்றுந்துத் திட்டம் 1997-இல் வந்தது. 2025-இல் அது புதிய விரிவான திட்டமாக மீண்டும் தொடங்கியது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது. அதில் குறைந்தது நூற்றுக்கு 65 பங்கு பஸ் வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இத்தகைய தடம் கேட்கும் ஊர், தன் சாலையில் எத்தனை கிலோமீட்டருக்கு இன்று பஸ் இல்லை என்றும், அச்சாலை எத்தனை மதிப்பெண் நிலையில் உள்ளது என்றும் காட்ட முடியுமானால் பாதி வேலை முடிந்தது. குழி விழுந்த தடத்தில் வண்டியை விட்டு ஸ்பிரிங் பட்டையையும் டயரையும் இழக்க எந்த முதலாளியும் முன்வர மாட்டார்.

யாருக்கு எழுதுவது என்ற குழப்பத்தில் பல மனுக்கள் வழி தவறிப் போகின்றன. கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சளானால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையானால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு நிறமானால் கிராமச் சாலை. மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. கைபேசி உள்ள இளைஞர்கள், பிரதம மந்திரி திட்டத்துச் சாலைக்கு ‘மேரி சடக்’ செயலியிலும், நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு 2023-இல் வந்த ‘நம்ம சாலை’ செயலியிலும் படத்தோடு புகார் அனுப்பலாம். அனுப்பிய எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிவிடுங்கள். கைபேசி மாறிப் போகும், நோட்டு பஞ்சாயத்தில் இருக்கும்.

அந்த நோட்டில் இருக்க வேண்டியது இவ்வளவே. இடப் பக்கத்தில் சாலை: கிலோமீட்டர் வாரியாக ஆவணி மதிப்பெண், தை மதிப்பெண், ஒவ்வொரு குழாய்ப் பாலத்தின் வாய் திறந்திருந்ததா அடைத்திருந்ததா, குழி கண்ட தேதி, எழுதி அனுப்பிய தேதி, அடைத்த தேதி. வலப் பக்கத்தில் பஸ்: நடை, வர வேண்டிய நேரம், வந்த நேரம். பஸ் பக்கத்தை மாதம் முழுவதும் எழுத முடியாவிட்டால் மாதத்தில் ஒரு வாரம் எழுதினாலும் நன்று. ஆனால் அந்த ஒரு வாரம் ஒரு நடையும் விடுபடக் கூடாது. பழுது இல்லாத கிலோமீட்டரையும் எழுதுங்கள். குறையை மட்டும் எழுதும் நோட்டைப் படிப்பவர் விரைவில் நம்பாமல் போய்விடுவார்.

இதை யார் எழுதுவது என்று கூட்டம் தொடங்குமுன் ஒரு அன்பர் கேட்டார். பஞ்சாயத்து எழுத்தரின் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம். அன்றாடம் முதல் பஸ்ஸில் போகும் ஒரு பெண்மணி, கடைசி பஸ்ஸில் திரும்பும் ஒருவர், நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் ஆகிய மூவர் போதும். சாலைப் பக்கத்துக்கு வண்டி வைத்திருக்கும் ஒருவரும், உடன் போய்க் கடிகாரம் பார்க்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேகக் கணக்கும் விளங்கிவிடும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆவணி அளவை அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்துக்கு முன் முடித்துவிட்டால், அடைத்த பாலங்களின் வாயைத் திறக்க ஐப்பசி மழைக்கு முன் இரண்டு வாரமாவது கையில் இருக்கும்.